ஏழு நிமிடம் பிந்தினால் போதும்

வானத்திலிருந்து ஒரு பொருள் விழப்போகும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கணித்துச் சொல்லி, சொன்னபடியே அது இலங்கைக் கடலில் வந்து விழுந்த சம்பவம் ஒன்று உண்டு. 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.48. தென்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றருக்கு அப்பால், செக்கனுக்கு 11 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் புகுந்து அது எரிந்துபோனது. அளவு ஓரிரு மீற்றர்தான். டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கற்றலினா வான் ஆய்வுக் குழு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் அதைக் கண்டது. சில வாரங்களிலேயே எங்கே விழும், எத்தனை மணிக்கு விழும் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தக் கடற்பகுதியில் மீன்பிடிக்கவும் அதன் மேலே விமானங்கள் பறக்கவும் தடை விதிக்கப்போவதாகச் செய்திகள் வந்தன. அபுதாபியிலிருந்து ஆய்வாளர்களை ஏற்றிவந்த விமானம் ஒன்று மேகங்களுக்கு மேலே பறந்து அதைப் படம்பிடித்தது. தரையில் காத்திருந்தவர்களுக்கு மழைமேகம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

வந்தது விண்கல் அல்ல. நிலவுக்கு அனுப்பப்பட்ட பழைய ரொக்கெட் ஒன்றின் கழன்ற பாகம். 1998 இல் நாசா ஏவிய லூனார் புரொஸ்பெக்டர் விண்கலத்தைத் தள்ளிவிட்ட பகுதியாகத்தான் பெரும்பாலும் இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆனாலும் வானியலாளர்களுக்கு அது நல்ல ஒத்திகையாக அமைந்தது. ஒரு பொருள் வருகிறது, பாதையைக் கணிக்கவேண்டும், அரசுகளுக்கு அறிவிக்கவேண்டும், விழும்போது அவதானிக்கவேண்டும். உண்மையான சிறுகோள் ஒன்று வந்தாலும் இதே வேலைகளைத்தான் செய்யவேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கே பெயர் வைத்தவரும் நம் நாட்டில் வாழ்ந்தவர்தான். 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இலங்கையைத் தன் வீடாக்கிக்கொண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1973 இல் வெளியான தன் ‘ரொந்தெவூ வித் ராமா’ நாவலில், 2077 இல் இத்தாலியின் வடபகுதியை ஒரு விண்கல் தாக்கி அழிப்பதாகவும், அதன் பிறகு உலகம் விழித்துக்கொண்டு ‘ஸ்பேஸ்கார்ட்’ என்ற கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பிப்பதாகவும் எழுதினார். 1992 இல் நாசா தன் உண்மையான சிறுகோள் தேடலுக்கான அறிக்கையைத் தயாரித்தபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. கிளார்க்கின் கதையில் அழிவு வந்த பிறகுதான் காவல் வருகிறது. நிஜத்தில் காவல் முந்திக்கொண்டது. மனிதர்கள் இதை முந்திச் செய்தது பெரிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

வானத்திலிருந்து கல் விழுவது தினமும் நடக்கிறது. பெரும்பாலானவை மணலளவு, எரிந்து ஒரு கோடாக மறைந்துவிடும். மிகப்பெரியவை மிக அரிதாகவே வருகின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவின் யுகடான் பகுதியில் விழுந்து டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த சிறுகோளின் குறுக்களவு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அவ்வளவு பெரியவை கண்ணுக்குத் தப்பாது. ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட, பூமியை நெருங்கக்கூடிய சிறுகோள்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் எதுவும் அடுத்த நூறு ஆண்டுகளில் நம்மீது மோதும் பாதையில் இல்லை. கவலை நடுத்தரமானவற்றைப் பற்றியது.

1908 ஜூன் 30 ஆம் திகதி சைபீரியாவின் துங்குஸ்காவில் 50, 60 மீற்றர் அளவுள்ள ஒன்று தரையைத் தொடாமல் வானிலேயே வெடித்தது. சாய்ந்த காடு 2,150 சதுர கிலோமீற்றர். நுவரெலியா மாவட்டம் முழுவதும் 1,741 சதுர கிலோமீற்றர்தான். பூண்டுலோயாவுக்கு மேலே அப்படி ஒன்று வெடித்தால் என்று எண்ணிப் பாருங்கள்: டன்சினன், ஷீன், ஹரோ தோட்டங்கள் மட்டுமல்ல, தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா என ஏறத்தாழ மாவட்டமே அதற்குள் அடங்கிவிடும். அங்கே ஆளில்லாத காடு. இங்கே மலைக்கு மலை லயங்கள்.

சின்னதும் சும்மா விடாது. 2013 பெப்ரவரி 15 அன்று காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உயரத்தில், 20 மீற்றர் அளவுள்ள ஒன்று வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை. சூரியனை மிஞ்சும் வெளிச்சத்தைக் கண்டு மக்கள் ஜன்னலோரம் ஓடினார்கள். ஒலி வெளிச்சத்தைவிட மெதுவாக வருவதால் அதிர்ச்சி அலை வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அது வந்தபோது எல்லாரும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் எளியது, பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்கலாம்: வானத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகி, காதைப் பொத்திக் கீழே படுத்துவிடவேண்டும்.

விண்கல் விழுந்து ஒருவர் இறந்ததாக 2016 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் நாட்டறம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. மாநில அரசு நிவாரணமும் அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா நிபுணர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்றார்கள்.

இனி, அண்மையில் உலகத்தைக் கொஞ்சம் நடுங்கவைத்த கதை. 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு சிறுகோளைக் கண்டது. 2024 வை.ஆர்.4 என்று பெயர். அளவு ஏறத்தாழ 60 மீற்றர். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதக்கூடும் என்றார்கள். முதலில் ஒரு சதவீதம், பிறகு இரண்டு, 2025 பெப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம். விழக்கூடிய இடங்களின் கோடு பசுபிக்கில் தொடங்கி, தென்னமெரிக்காவின் வடக்கு, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாக இந்தியா, பங்களாதேஷ் வரை நீண்டது. ஒரு வாரத்துக்குள் ஆபத்து ஏறத்தாழப் பூச்சியமாகிவிட்டது.

‘விஞ்ஞானிகள் முதலில் பயமுறுத்திவிட்டுப் பிறகு பேச்சை மாற்றிவிட்டார்கள்’ என்று அப்போது பலர் சொன்னார்கள். அது சரியல்ல. புதிதாகக் கண்ட சிறுகோளின் பாதை துல்லியமாகத் தெரியாது. 2032 இல் அது லட்சக்கணக்கான கிலோமீற்றர் நீளமான ஒரு பட்டைக்குள் எங்கேயும் இருக்கலாம். பூமி அந்தப் பட்டையில் ஒரு சிறு புள்ளி. ஒவ்வொரு இரவும் அவதானிக்க அவதானிக்கப் பட்டை சுருங்குகிறது. பூமி இன்னும் அதற்குள் இருக்கும்வரை, சுருங்கிய பட்டையில் பூமியின் பங்கு கூடுகிறது, சதவீதம் ஏறுகிறது. பட்டை மேலும் சுருங்கிப் பூமி அதற்கு வெளியே விழுந்த நொடியில் சதவீதம் சரிந்துவிடுகிறது. ஏறி இறங்குவதுதான் இந்தக் கணக்கின் இயல்பு. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, வரத்தான் போகிறது, இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் வட்ஸ்அப்பில் வரும் பீதியில் பாதி குறையும்.

சரி, பூமி பட்டைக்குள்ளேயே நின்றுவிட்டால்? பூமி சூரியனைச் சுற்றி செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடுகிறது. அதன் விட்டம் 12,742 கிலோமீற்றர். ஆக, தன் முழு அகலத்தையும் கடக்கப் பூமிக்கு ஏழு நிமிடம்தான். ஒடுங்கிய பாலத்தில் எதிரெதிரே வரும் பஸ்ஸும் லொறியும் மாதிரி: ஒன்று ஏழு நிமிடம் பிந்திவந்தால் பாலம் காலியாக இருக்கும். சிறுகோளை உடைத்து நொறுக்கத் தேவையில்லை. அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால், அல்லது முந்தவைத்தால், போதும்.

செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு அதன் வேகத்தை மாற்றினால் ஒரு வருடத்தில் சுமார் 315 கிலோமீற்றர் வித்தியாசம் வரும். பத்து வருடத்தில் 3,150. சுற்றிவரும் காலமும் சேர்ந்து மாறுவதால் உண்மையில் அதைப்போல் மூன்று மடங்கு வரை விலகும். பூமியின் ஆரையோ 6,371 கிலோமீற்றர்தான். பத்து ஆண்டு கையில் இருந்தால் ஒரு சென்ரிமீற்றர் தள்ளல் போதும். பத்து நாள் மட்டுமே இருந்தால் எந்த ரொக்கெட்டாலும் முடியாது. இந்தத் துறையில் எல்லாமே அந்தக் கால அவகாசத்தில்தான் தங்கியிருக்கிறது.

தள்ளமுடியும் என்று ஒருமுறை செய்தும் காட்டியாயிற்று. 2021 நவம்பரில் ஏவப்பட்ட நாசாவின் டார்ட் விண்கலம், 2022 செப்டம்பர் 27 அன்று இலங்கை நேரப்படி அதிகாலை 4.44 க்கு, தோட்டங்களில் பெண்கள் அடுப்பு மூட்டும் நேரத்தில், பூமியிலிருந்து 1.1 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் டிமோர்போஸ் என்ற சிறுகோளின்மீது மோதியது. டிமோர்போஸ் ஏறத்தாழ 160 மீற்றர். டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றிவருவது. பூமிக்கு இரண்டாலும் ஆபத்தில்லை என்பதால்தான் பரிசோதனைக்குத் தெரிவானது. கலத்தின் கமரா கடைசிவரை படம் அனுப்பிக்கொண்டே போனது. முதலில் ஒரு ஒளிப்புள்ளி, பிறகு முட்டை வடிவம், பிறகு திரை நிறையப் பாறைகளும் சரளையும். கடைசிப் படம் முழுதாக வந்துசேரவில்லை, பாதியில் அறுந்துவிட்டது.

டிமோர்போஸ் முன்பு ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்தது. மோதலுக்குப் பிறகு 11 மணி 23 நிமிடம். 73 செக்கன் மாறினாலே வெற்றி என்று வைத்திருந்த இடத்தில் 32 நிமிடம் குறைந்தது. காரணம், டிமோர்போஸ் ஒரே பாறையல்ல, கற்குவியல். மோதலில் பின்னோக்கிச் சிதறிய கற்களும் தூசியும் சேர்ந்து சிறுகோளைத் தள்ளின. மோதல் மட்டும் கொடுத்திருக்கக்கூடிய உந்தத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் கிடைத்தது. ஆனால் எல்லாச் சிறுகோளும் இப்படித்தான் நடந்துகொள்ளுமா என்பது வேறு கேள்வி. அதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஒக்டோபரில் ஹேரா என்ற கலத்தை அங்கே அனுப்பியது.

வேறு வழிகளும் உண்டு. சிறுகோளுக்கு அருகே கனமான கலம் ஒன்றை நிறுத்தி, அதன் சின்ன ஈர்ப்பாலேயே ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல இழுப்பது ஒன்று. எட்வர்ட் லூ, ஸ்டான்லி லவ் என்ற இரு விண்வெளி வீரர்கள் 2005 இல் சொன்ன யோசனை. மிகப் பெரியதற்கு, அல்லது காலம் போதாதபோது, சற்றுத் தள்ளி அணுகுண்டை வெடித்து மேற்பரப்பை ஆவியாக்கித் தள்ளலாம். ஆனால் அணுவாயுதங்களை விண்வெளியில் நிலைநிறுத்துவதை 1967 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை தடைசெய்கிறது.

அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று இருக்கிறது. தள்ளும் முயற்சி பாதியில் நின்றால் சிறுகோள் பூமியைத் தவறவிடாது. விழும் இடம் மட்டும், முன்பு சொன்ன அந்தக் கோட்டின் வழியே, நகரும். ஒரு நாட்டுக்கு வரவேண்டிய ஆபத்து இன்னொரு நாட்டின் தலையில் இறங்கும். அந்த முடிவை யார் எடுப்பது? ஐ.நா.வின் ஆதரவோடு எச்சரிக்கைக்கு ஒரு வலையமைப்பும், விண்வெளி முகமைகள் கூடித் திட்டமிட ஒரு குழுவும் இருக்கின்றன. ரொக்கெட் இல்லாத நாடுகளின் மக்களுக்கு அங்கே என்ன குரல் என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு காணியோ வீடோ அந்த மக்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மலைகள் சரிந்தன. வானத்தைப் பார்க்கும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதைக் கேட்டு முடிவெடுத்துப் பணம் ஒதுக்கவேண்டியவர்கள் தரையில்தான் இருக்கிறார்கள். சிறுகோள் விடயத்தில் உலகம் இதுவரை நன்றாகவே செய்திருக்கிறது. அதே அக்கறை நம் சரிவுகளுக்கும் கிடைத்திருக்கவேண்டும் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 27 அன்று, சுனாமிக்கு மறுநாள், கரையோரம் முழுவதும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், அபோபிஸ் என்ற சிறுகோள் 2029 இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணக்கு காட்டியது. சதவீதம் வை.ஆர்.4 ஐவிடக் குறைவு என்றாலும், அபோபிஸின் பெரிய அளவையும் சேர்த்துப் பார்த்தால் அதுவே இன்றுவரை பதிவான மிகக் கடுமையான எச்சரிக்கை. யார் கவனித்தார்கள்? பழைய படங்களில் அதைத் தேடிக் கண்டுபிடித்ததும் அந்த ஆபத்து அன்றே நீங்கியது. மோதாது, ஆனால் வரும். சுமார் 340 மீற்றர் அளவுள்ள அபோபிஸ், 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 அளவில், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பூமிக்கு ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் அருகில் கடந்துபோகும். தொலைக்காட்சிச் செய்மதிகள் சுற்றும் உயரத்தைவிட அது நெருக்கம். அவுஸ்திரேலியாவுக்கு மேலிருந்து இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவை நோக்கி நகரும் மங்கலான நட்சத்திரம்போல, வானம் தெளிந்திருந்தால், 13 ஆம் திகதி இரவில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்கு முன்பே தேடலில் கைகொடுக்க விரும்பும் மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ் மண்ணில் இது பழைய வேலை: 1861 இல் சென்னை வானாய்வகத்தில் நோர்மன் போக்சன் கண்ட சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர், 1988 இல் காவலூரில் ஆர். ராஜமோகன் குழுவினர் கண்டதற்கு ‘ராமானுஜன்’. இன்று சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாய்த் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பாடசாலைக் குழுக்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். கணினியில் மாறிமாறிக் காட்டினால் நட்சத்திரங்கள் அசையாது. சிறுகோள் மட்டும் நகரும். பூண்டுலோயாவில் ஒரு விஞ்ஞான ஆசிரியரும், ஒரு கணினியும், ஓரளவு இணையமும் இருந்தால் போதும். கண்ட பொருள் உறுதியாகி எண் பெறப் பல ஆண்டுகள் ஆகலாம். எண் பெற்ற பிறகு அதற்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு கண்டுபிடித்த மாணவர்களுக்கே கிடைக்கிறது.