கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய்க் கிழக்கே திரும்பினால் கோவளம் சாலை. இரு பக்கமும் உப்பங்கழி விரிந்து கிடக்கும். அதைத் தாண்டினால் மீனவர் ஊர்கள். முன்னால் கடல், முதுகுப் பக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். தீவு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வாழ்க்கை என்னவோ தீவு வாழ்க்கைதான்.

அன்று அந்தக் கால்வாய்தான் பெருவழி. விறகும் உப்பும் படகேறிப் பட்டணம் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கயிறு கட்டிக் கரையோடு இழுத்துப் போவார்கள். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்த நீர்வழிப் பயணத்தைப் பாடியதுதான்.

படகு நின்றுபோனது பெரிய இழப்பில்லை. கழிதான் உயிர். கோடையில் மணல் மூடும் முகத்துவாரத்தை ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் உடைத்துத் திறக்கும். தையூர், படூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் இறங்கி வர, கடல் ஓதம் எதிரே ஏறி வரும். இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மடவையும் நண்டும் பெருகும். பூநாரைகள் வந்து இறங்குவதும் அந்தச் சேற்றை நம்பித்தான். வலையோ படகோ இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். அந்தக் கலப்பு நீருக்கு வேறெந்த நீரும் ஈடாகாது.

இன்று பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. சாலை. படூரின் வயல்கள் அடுக்குமாடிகள். கழிவுநீர் கால்வாய்க்குள் இறங்குகிறது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2021-ல் கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நல்லதுதான். ஆனால் வாசலைப் பெருக்கிவிட்டுக் கொல்லையைச் சாக்கடையாக விடலாமா?

2025-26 பட்ஜெட்டில், கோவளம் அருகே 1.6 டி.எம்.சி. நீர்த்தேக்கம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. சென்னையின் தாகம் பொய்யில்லை. 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாமும்தான். இருந்தாலும் ஓதம் ஏறி இறங்கும் கழியைக் கரை கட்டி நன்னீர்த் தொட்டியாக்கினால் இறால் எங்கே போகும்? அதை நம்பிய பெண்கள் எங்கே போவார்கள்? மீனவர்கள் எதிர்ப்பது இதனால்தான். அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் முடிவு.

ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்துங்கள். மழைநீரை அங்கே நிறுத்துங்கள். ஓதம் வரும் வழியை மட்டும் அடைக்காதீர்கள்.