உங்களுக்குத் தெரியுமா? எக்சுமாவில் நங்கூரம்

பஹாமாஸ் நாட்டின் எக்சுமா தீவு வரிசைக்கு இருபுறமும் இருவேறு கடல். மேற்கே மூன்று, நான்கு மீட்டர் ஆழமே உள்ள மணல் திட்டு. கிழக்கே ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கும் ஆழ்கடல். பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றும் தம்பதிகள் பலரும் மேற்குப் பக்கத்தில்தான் இரவு தங்குகிறார்கள். அங்கே பெரும்பாலும் வீசுவது கொண்டல், அதாவது கிழக்குக் காற்று. தீவே அதற்கு மறைப்பு.

ஜிபிஎஸ் இருந்தாலும் கரையை நெருங்கும்போது கண்தான் வழிகாட்டி. கருநீலம் ஆழம். இளம்பச்சை, மணல் மேல் இரண்டு மூன்று மீட்டர் தண்ணீர். வெளுத்திருந்தால் படகு தரைதட்டும். பழுப்பு நிறம் பவளப்பாறையாகவோ கடற்புல்லாகவோ இருக்கும். வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் இவை பிரிந்து தெரியும்.

நங்கூரம் போடும்போது ஒருவர் சுக்கானில், மற்றவர் முன் அணியத்தில். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் குரல் எட்டாது. அதனால் கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள்.

எவ்வளவு சங்கிலி விடுவது? ஆழம் 3 மீட்டர், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர், கடலேற்றத்தில் உயரும் தண்ணீருக்கு இன்னொரு மீட்டர்: மொத்தம் 5. காற்று பலக்கும் என்றால் அதைப்போல் ஏழு மடங்கு, 35 மீட்டர். சங்கிலி நீளமாக இருந்தால் இழுவை தரையை ஒட்டி வரும். நங்கூரத்தின் கொழு மணலுக்குள் இறங்கும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். கடற்புல்லில் நங்கூரம் எளிதில் பிடிக்காது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் முகமூடி மாட்டி, நீந்திப்போய், பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அந்தப் பத்து நிமிடம்தான் இரவுத் தூக்கத்தைத் தரும்.

இந்த வரிசையில் உள்ள வார்டரிக் வெல்ஸ் தீவு, 1958இல் அமைந்த எக்சுமா கடல் பூங்காவுக்குள் இருக்கிறது. 1986 முதல் அங்கே மீன் பிடிக்கத் தடை. சங்கு எடுக்கவும் கூடாது. தீவின் பூ பூ குன்றின் மேல், வந்துபோன படகுகளின் பெயர் பொறித்த மரத்துண்டுகள் குவிந்து கிடக்கின்றன.

பனிக்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கினால் எல்லாம் தலைகீழ். காற்று தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கிழக்குக்குத் திரும்பும். நேற்றுவரை அடைக்கலம் தந்த கரை, மேற்குக் காற்றில் படகை மோதவைக்கும் கரையாகிவிடும். தினமும் காலையில் வானிலை கேட்பது இதற்காகத்தான். மேற்குக் காற்றுக்கும் மறைப்புள்ள குடாக்கள் அங்கே குறைவு. முதல் நாளே போய்ச் சேராவிட்டால் இடம் கிடைக்காது.