மலைவாழையை முடக்கிய வைரஸ்

வாடிப்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். அந்த மலையின் பெயரைத் தாங்கிய வாழைக்கும், பழனிமலைச் சரிவில் விளையும் விருப்பாட்சிக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அந்தப் பெருமை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலைவாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அழித்ததில் முக்கியப் பங்கு முடிக்கொத்து நோய்க்கு.

நோய் கண்ட வாழையின் இலைக்காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் ஓடும். அடுத்தடுத்து வரும் இலைகள் குட்டையாகி, குறுகி, விளிம்பு வெளிறி, விறைப்பாக உச்சியில் கொத்தாக நிற்கும். இளம் வயதிலேயே நோய் பிடித்த மரம் குலை தள்ளாது.

இத்தனைக்கும் காரணமான வைரஸின் குறுக்களவு சுமார் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 50,000 வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். எல்லா வைரஸுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: நடுவில் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ எனும் மரபுப்பொருள், அதைச் சுற்றிப் புரத உறை. கொரோனா, டெங்கு போன்றவற்றுக்கு அதற்கும் வெளியே ஒரு கொழுப்புப் படலம் இருக்கும். சோப்பு அந்தப் படலத்தைச் சிதைப்பதால்தான் கொரோனா காலத்தில் கை கழுவச் சொன்னார்கள். முடிக்கொத்து வைரஸுக்கு அந்தப் படலம் இல்லை. அதன் மரபுப்பொருள் ஆறு டிஎன்ஏ வளையங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனி உறைக்குள் இருக்கிறது. ஒரு வளையத்தில் ஏறக்குறைய ஆயிரம் மரபெழுத்துகள் மட்டுமே.

புரதம் செய்யும் வசதி வைரஸிடம் கிடையாது. புகுந்த செல்லின் கருவிகளைக் கொண்டே அது பெருகுகிறது. அந்தக் கருவிகளுக்குத் தேவையான தூது ஆர்என்ஏவை எந்த வழியில் உண்டாக்குகிறது என்பதை வைத்து, 1971-இல் உயிரியலாளர் டேவிட் பால்டிமோர் வைரஸ்களை வகைப்படுத்தினார். இன்று அவை ஏழு வகுப்புகள். பெரியம்மை வைரஸ் முதல் வகுப்பு. ஒற்றை இழை டிஎன்ஏ கொண்ட முடிக்கொத்து வைரஸும், வெண்டையை மஞ்சளாக்கும் நரம்புத் தேமல் வைரஸும் இரண்டாம் வகுப்பு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா மூன்று, டெங்கு நான்கு, வெறிநாய்க்கடி வைரஸ் ஐந்து, எச்ஐவி ஆறு, ஹெபடைடிஸ் பி ஏழு. நெல்லைத் தாக்கும் துங்ரோ நோய்க்கு இரண்டு வைரஸ்கள் கூட்டுக் காரணம். ஒன்று நான்காம் வகுப்பு, மற்றது ஏழாம் வகுப்பு.

இந்த வகைப்பாடு மருத்துவத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. எச்ஐவிக்கு மாத்திரை கிடைத்ததே அது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியைக் கண்டுபிடித்ததால்தான். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் வைரஸ் காய்ச்சலுக்கு உதவாது என்பதும் வைரஸின் அமைப்பிலிருந்தே விளங்கும்.

வாழைக்குள் புகுந்த வைரஸைக் கொல்ல மருந்தே இல்லை. அது பரவும் வழிகள் இரண்டு: நோயுற்ற கட்டையிலிருந்து எடுத்த கன்று, சாறு உறிஞ்சும் வாழை அசுவினி. முதல் வழியில் நோய் ஊர்விட்டு ஊர் போகிறது. இரண்டாவது வழியில் மரத்துக்கு மரம் தாவுகிறது. அதனால் நோயுற்ற மரத்தில் முதலில் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகுதான் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பூச்சி பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.

வைரஸ் இல்லையெனச் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகள் இன்று கிடைக்கின்றன. கன்று வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். நோய் கண்ட தோட்டத்துக் கன்றை உறவுக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் நட வேண்டாம்.