வரவேற்பறைகளிலே பிறந்த வெற்றி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாநிலத்தின் ஆளுநர் நியமனத்தினாலே பதவிக்கு வருபவரல்லர். நமது நாட்டில் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கின்றார். அங்கோ மக்களே வாக்களித்து அவரைத் தெரிவு செய்கின்றனர். சர்வகலாசாலை, பெருந்தெரு, வரி, சிறைச்சாலை முதலியன பெருமளவிற்கு மாநில அரசின் பொறுப்பாதலின், ஆளுநர் தேர்தல் அங்குள்ள குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டுக் காரியம் போலவே தோன்றுகின்றது.

அத்தகைய தேர்தல்களுள் 1966ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடைபெற்றது நாம் ஊன்றி நோக்கத் தக்கது. அதற்கு முன் எந்த அரசாங்கப் பதவியும் வகித்தறியாத திரைப்பட நடிகர் ரொனால்ட் ரீகன், இருமுறை ஆளுநராகத் தெரிவான பற் பிரவுனை ஏறக்குறையப் பத்து இலட்சம் வாக்குகளால் தோற்கடித்தார். நடிகரின் முகப்பொலிவும் குரலினிமையும் தந்த வெற்றி இது என்று அந்நாளிற் பலர் கூறினர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வெற்றியின் வேரைக் காண விரும்புவோர் திரைப்பட அரங்குகளை விடுத்து, அம்மாநிலத்துச் சாதாரண வீடுகளின் வரவேற்பறைகளை நாடிச் செல்லவேண்டும்.

தோடந் தோட்டங்கள் நகரான கதை

லொஸ் ஏஞ்சலீஸ் மாநகருக்குத் தெற்கே, தோடம்பழத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒறேஞ்ச் கவுண்டி என்னும் பிரிவு இருக்கின்றது. 1940ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் தொகை சுமார் 130,000. 1960இல் அது 700,000ஐத் தாண்டிற்று. 1970இல் பதினான்கு இலட்சத்தைத் தொட்டது. பழத்தோட்டங்கள் அழிந்தன, ஒரே சாயலான வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. விமானங்களும் போர்க்கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் தொழில் தந்தன. நாட்டின் நடுப்பகுதியிலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் குடும்பங்கள் திரண்டு வந்து குடியேறின.

வந்தவர்களிற் பலர் தேவாலயப் பற்றுடையவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக ஒரு வீட்டை வாங்கியவர். வரியைக் கண்டு அவர்கள் அஞ்சினர். பொதுவுடைமை நாட்டினுள்ளே புகுந்துவிடுமோ என்று கலங்கினர். அரசாங்கப் பாடசாலைகளில் ஏற்பாடு செய்யப்படும் பிரார்த்தனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தங்கள் பிள்ளைகளைத் தங்களிடமிருந்து பிரிக்க யாரோ முயல்கின்றனர் என்றே எண்ணினர். தூரத்துத் தலைநகர் தம் வாழ்வில் தலையிடலாகாது என்பது அவர்தம் உறுதியான கொள்கை. அதே தலைநகர் பாதுகாப்புக்கென வாரி வழங்கிய பணமே தங்கள் தொழிற்சாலைகளை நடத்திற்று என்பதை அவர்கள் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை.

கோப்பியும் துண்டுப் பிரசுரமும்

இம்மக்களின் அரசியல் பெருங்கூட்டங்களில் தொடங்கவில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பின் அயல்வீட்டுப் பெண்கள் ஒருவர் வீட்டிற் கூடிக் கோப்பி அருந்துவர். அங்கே ஒரு நூலைப் பற்றிப் பேச்சு எழும். ஒரு துண்டுப் பிரசுரம் கைமாறும். பாடசாலைச் சபைத் தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்று ஆலோசனை நடக்கும். 1964இல் வெளிவந்த பிலிஸ் ஷ்லாப்லி, ஜோன் ஸ்டோர்மர் ஆகியோரின் அரசியல் நூல்கள் இவ்வாறே கையிலிருந்து கைக்குச் சென்று பெருந்தொகையாகப் பரவின. பத்திராதிபரோ பேராசிரியரோ சொல்வதைக் காட்டிலும் அடுத்த வீட்டுக்காரி சொல்வதை மக்கள் எளிதில் நம்புவர் அன்றோ!

இந்த எழுச்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. றொபேர்ட் வெல்ச் என்பவர் 1958இல் நிறுவிய ஜோன் பேர்ச் சங்கம் கலிபோர்னியாவில் வேரூன்றியிருந்தது. போர்வீரராக விளங்கிய ஜனாதிபதி ஐசனோவரையே பொதுவுடைமைச் சதியின் கையாள் என எழுதியவர் வெல்ச். நியாயமான கவலையும் ஆதாரமற்ற ஐயமும் ஒரே மேசையில் அருகருகே அமர்ந்திருந்தன.

1962இல் குடியரசுக் கட்சியின் ஆளுநர் அபேட்சகராக நிற்க முன்வந்த றிச்சர்ட் நிக்சன் அச்சங்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். பழைமை பேணுவோர் அவரை விடுத்து ஜோ ஷெல் என்பவரை ஆதரித்தனர். கட்சியின் முதனிலைத் தேர்தலில் நிக்சனே வென்றார். எனினும் கட்சிக்காரரில் மூன்றிலொரு பங்கினர் ஷெல்லுக்கு வாக்களித்தனர். பொதுத் தேர்தலிற் பிரவுன் நிக்சனைச் சுமார் மூன்று இலட்சம் வாக்குகளால் வென்றார். அடிநிலைத் தொண்டர்களின் மனம் கோணினால் பெருந்தலைவரும் தடுமாறுவர் என்பதைக் கட்சி அன்று உணர்ந்தது.

தோல்வியின் பலன்

1964இல் அத்தொண்டர்கள் தங்களுக்கு உகந்த தலைவரைக் கண்டனர். செனற்றர் பரி கோல்ட்வாட்டரை ஜனாதிபதி அபேட்சகராக்குவதற்கு அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். பெருஞ் செல்வரான நெல்சன் ரொக்பெல்லரின் பணபலத்தை எதிர்த்து, கலிபோர்னியாவின் முதனிலைத் தேர்தலிற் சுமார் 68,000 வாக்குகளால் அவரை வெற்றிபெறச் செய்தனர். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் கோல்ட்வாட்டர் நாடெங்கும் படுதோல்வியடைந்தார். ஐம்பது மாநிலங்களில் ஆறு மாத்திரமே அவருக்குக் கிடைத்தன.

அத்தோல்வியோடு வீடு திரும்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் முகவரிப் பட்டியல்களை எறிந்துவிடவில்லை. தேர்தலுக்குச் சில நாள்களின் முன், அக்டோபர் 27ஆம் திகதி, கோல்ட்வாட்டருக்காக ரீகன் தொலைக்காட்சியில் ஆற்றிய உரை அவர்கள் உள்ளத்திற் பதிந்திருந்தது. மோட்டார் வாகன வணிகரான ஹோம்ஸ் டட்டில், எண்ணெய்த் தொழிலதிபரான ஹென்றி சல்வடோரி முதலியோர் பணம் திரட்டினர். வரவேற்பறைத் தொண்டர்கள் உழைப்பைத் தந்தனர். 1966 ஜனவரியில் ரீகன் தாம் போட்டியிடுவதை அறிவித்தார்.

மூன்று கலக்கங்கள்

பிரவுன் திறமையற்ற ஆளுநரல்லர். வடபகுதி நீரைத் தெற்கே கொண்டுசெல்லும் மாபெருந் திட்டம், உயர்கல்விக்கான 1960ஆம் ஆண்டுப் பெருந்திட்டம், நீண்ட பெருந்தெருக்கள் ஆகியவை அவர் காலத்தவை. எனினும் மூன்று நிகழ்ச்சிகள் வாக்காளர் மனத்தைக் கலக்கின.

முதலாவது, பேர்க்லி சர்வகலாசாலையில் 1964இல் எழுந்த மாணவர் போராட்டம். அவ்வாண்டு டிசம்பரில் சுமார் எண்ணூறு பேர் அங்கே கைதாயினர். மாணவர் கேட்டது பேச்சுரிமை. தங்கள் வரிப்பணத்திற் படிப்போர் ஒழுங்கை மீறுகின்றனர் என்பதே வரி செலுத்திய பெற்றோர் பலரின் எண்ணம்.

இரண்டாவது, 1965 ஆகஸ்டில் லொஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் மூண்ட கலவரம். முப்பத்துநான்கு உயிர்கள் பலியாயின. வறுமையும் வேலையின்மையும் பொலிஸாரின் கடுமையும் கறுப்பின மக்களிடையே மூட்டிய கனலை நகர்ப்புறக் குடும்பங்கள் காணவில்லை. தொலைக்காட்சியில் நெருப்பை மாத்திரமே கண்டன.

மூன்றாவது, வீட்டுரிமை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் பாராட்டலாகாது என்று 1963இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதனைச் செயலற்றதாக்கும் பதினான்காம் பிரேரணையை 1964இல் வாக்காளரில் மூன்றிலிரு பங்கினரளவில் ஆதரித்தனர். கோல்ட்வாட்டரைத் தோற்கடித்த அதே நாளில், அதே மாநிலத்து மக்கள் அளித்த வாக்கு இது! 1966 மே மாதத்தில் மாநில உயர் நீதிமன்றம் அப்பிரேரணை செல்லாதென்றது; மறு ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. என் வீடு என் உரிமை என்ற சொல் கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் அவ்வுரிமை, காசு கையிலிருந்தும் வீடு வாங்க முடியாத ஒரு குடும்பத்தை வாயிலில் நிறுத்தி வைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எவர் எவருக்கு இணங்கினர்?

ரீகன் நுட்பமாக நடந்துகொண்டார். பேர்ச் சங்கத்தவர் தம்மை ஆதரித்தால், அவர்கள் தமது கொள்கையை ஏற்கின்றனரேயன்றித் தாம் அவர்கள் கொள்கையை ஏற்பதாகாது என்று கூறி, அவர்களைத் தழுவாமலும் தள்ளாமலும் வழிகண்டார். கட்சியினர் ஒருவரையொருவர் தூற்றலாகாது என்னும் கட்டளையை மாநிலக் கட்சித் தலைவர் விதித்தமையும் அவருக்கு உதவிற்று. பிரவுன் தரப்பினரோ சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர் ஜோர்ஜ் கிறிஸ்தோப்பரையே அஞ்சினர். நடிகரை எளிதில் வெல்லலாமென எண்ணினர். ஜூன் மாதத்தில் ரீகன் கிறிஸ்தோப்பரை இருமடங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். நவம்பர் 8ஆம் திகதி அவருக்கு 37 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும், பிரவுனுக்கு 27 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் கிடைத்தன.

வாக்களித்தோர் எதிர்பார்த்தது நடந்ததா? 1967 ஜனவரியில் பதவியேற்ற ரீகன், திறைசேரியிற் பற்றாக்குறையைக் கண்டார். வரி குறைப்பார் என்று நம்பப்பட்டவரே அவ்வாண்டில், அதுவரை எந்த மாநிலமும் கண்டிராத பெரிய வரியுயர்வுக்குக் கையொப்பமிட்டார். அது நூறு கோடி டொலரை அண்மியது. கருச்சிதைவுக்கு இருந்த தடையைத் தளர்த்தும் சட்டத்திற்கும் அதே ஆண்டில் ஒப்பமளித்தார். பின்னாளில் அதற்காக வருந்தினார். கொள்கைப் பிடிவாதமுடையோர் சிலர் மனம் கசந்தனர். பலரோ, நூறு விடயங்களில் ஒன்றிரண்டு தவறினும் எஞ்சியவற்றில் நம்மவரே என்று அவரோடு நின்றனர். 1970இல் அவர் மீண்டும் தெரிவானார். 1980இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். ஆயினும் வரியைப் பற்றிய குமுறல் ஆறவில்லை. 1978இல் சொத்துவரிக்கு எல்லை கட்டிய பதின்மூன்றாம் பிரேரணையாக அது வெடித்தது.

அசையாக் கோட்டையென்று கருதப்பட்ட ஒறேஞ்ச் கவுண்டியும் அப்படியே இருந்துவிடவில்லை. ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறியோர் அங்கு பெருகினர். 2016ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், 1936க்குப் பின் முதற்றடவையாக, அப்பிரிவு ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது.

அரசியல் பயிலும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கன இரண்டுண்டு. பத்துப் பேர் கூடும் ஒரு சிறு அறையையும் அற்பமென எண்ணலாகாது. விடாமுயற்சியுடன் உழைப்போர் அங்கிருந்தே ஒரு மாநிலத்தின் போக்கை மாற்றிவிடுவர். இது முதலாவது. அவ்வறையில் இடம்பெறாத அயலவனையும் அங்கு கூடியோர் நினைத்தல் வேண்டும். இது இரண்டாவது. வாட்ஸ் பகுதியின் தாய்மாரும் அந்நாளிலே தங்கள் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியும், வாழும் வீட்டைப் பற்றியுமே கவலை கொண்டிருந்தனர். ஒறேஞ்ச் கவுண்டியின் தாய்மாருக்கும் கவலை அதுவேதான். இருசாராரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியிருப்பின் தேர்தலின் முடிவு மாறியிராது போகலாம். ஆனால் அதன்பின் ஆளவந்தவரின் கடமை எளிதாகியிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.