இருபது ஆண்டு உழைத்த வண்டி

எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் ஒரு வெள்ளை நிற மாருதி 800 நிற்கிறது. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், 2005-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இரண்டேகால் இலட்சம் ரூபாய்க்குப் புதிதாக வாங்கியது. அன்று முதல் ஓர் இலட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் நடுவழியில் நின்றது. அதுவும் பெட்ரோல் முள் கீழிறங்கியதைக் கவனியாத என் குற்றம். இரு பிள்ளைகளைப் பள்ளிக்கும், என் தாயாரை அவரது இறுதி நாள்வரை மருத்துவமனைக்கும் சுமந்து சென்ற வண்டி அது.

இதனை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்னும் கேள்வி 2025 அக்டோபரில் எங்கள் வீட்டில் எழுந்தது. பல இல்லங்களில் எழும் கேள்விதான். ஆயினும் பெரும்பாலோர் விளம்பரத்தைப் பார்த்தோ, அயலார் வாசலைப் பார்த்தோ விரைந்து முடிவு செய்துவிடுகின்றனர். எங்களுக்கு முடிவுக்கு வர ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் அறிந்தவை இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும்.

கேள்வியை எழுப்பியவன் சென்னையில் பணிபுரியும் என் மகன். "அப்பா, அந்த வண்டியில் காற்றுப்பை கிடையாது. திடீரென பிரேக் அழுத்தினால் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. உங்களுக்கும் அறுபத்தாறு வயதாகிறது. தவணையில் பாதியை நான் கட்டுகிறேன்" என்றான். அவன் கூறியது பொய்யன்று. விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை அதே ஆண்டு ஜூலையிலும், அருகில் அமர்பவருக்கானது 2022-க்குள்ளும் கட்டாயமாயின. எங்கள் வண்டியோ இவை எதனையும் அறியாத காலத்தது. அந்த வகைக் காரின் முதல் சாவியை இந்திரா காந்தி அம்மையார் 1983 டிசம்பரில் டில்லியில் கொடுத்தார். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. அதே 796 சி.சி. இஞ்சின் ஆம்னி வேனிலும் 2019 வரை வந்தமையால் உதிரிப் பாகங்களுக்கு இன்னும் பஞ்சம் இல்லை.

என் துணைவியார் இதில் ஒன்றும் பேசவில்லை. அவர் மனத்தில் இருந்தது வேறு. வங்கியில் எங்களுக்கென இருக்கும் வைப்புத்தொகை ஒன்றரை இலட்சம். இளைய மகள் செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். அந்தத் தொகை அவளுடைய எஞ்சிய கட்டணத்துக்கு என்று வைத்தது. புதிய காருக்கு முன்பணம் கேட்டால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். "பதினைந்து வருடம் ஆனால் வண்டியை ஓட்டக் கூடாதாமே" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அது டில்லிப் பகுதிக்கென 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணையிலிருந்து பரவிய அச்சம். நம் மாநிலத்தில் அவ்வாறு இல்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பின்னர் வண்டி தகுதியாக இருப்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பதிவு முடியும் நாளுக்கு முந்தைய அறுபது நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணந்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2020-இல் நான் கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி வேறு. பழைய வண்டிகளைத் தாமாகவே விட்டுவிடச் செய்யும் நோக்கம் இதில் தெளிவு. அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றால் புதிய காரின் வரியில் 25 விழுக்காடு வரை சலுகை அளிக்க மத்திய விதி இடந்தருகிறது. அந்த வழியையும் நாங்கள் எண்ணாமல் இல்லை.

அடுத்து நாட்குறிப்பை எடுத்தேன். வண்டிச் செலவை ஆண்டுதோறும் எழுதி வைப்பது என் வழக்கம். வீட்டார் இதற்காக என்னைக் கேலி செய்வதுண்டு. 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டில் ஆன செலவு: நான்கு டயர்களுக்கு 9,600, கிளட்ச் 5,800, பாட்டரி 3,900, ரேடியேட்டர் 4,200, பிரேக்கும் சஸ்பென்ஷன் புஷ்களும் 7,500, ஆயில் மாற்றும் வழக்கமான சர்வீஸ் மூன்று ஆண்டுக்கு 9,000. மொத்தம் நாற்பதாயிரம், மாதத்துக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய்.

மகன் காட்டிய புதிய கார் எல்லாச் செலவும் சேர்த்து ஆறரை இலட்சம். முன்பணம் ஒன்றரை இலட்சம் போக, ஐந்து இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை 10,379 ரூபாய். அறுபது தவணையும் கட்டி முடிக்கையில் வட்டி மட்டும் ஓர் இலட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் போயிருக்கும். அந்நாளில் காரின் மதிப்பு என்ன? இன்சூரன்ஸ் கணக்குப்படியே ஐந்தாம் ஆண்டு முடிவில் பாதி தேய்ந்துவிடும். "புது வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்துமே" என்பர். நாங்கள் மாதம் ஓட்டுவது 350 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு தருவது இருபதாக உயர்ந்தாலும், லிட்டர் நூறு ரூபாய் எனக் கொண்டால், மிச்சம் மாதம் 440 ரூபாய். அதற்காகப் பத்தாயிரம் ரூபாய்த் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வது கணக்கு ஆகாது.

எனினும் இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு. பழைய வண்டி எப்போதும் மலிவாகத்தான் தெரியும். அந்த மலிவில் மயங்கி, பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டுவிடுவோம். எங்கள் மெக்கானிக் அதைத்தான் சுட்டிக் காட்டினார். இருபது ஆண்டாக இவ்வண்டியைத் தொட்டவர் அவர். "இஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம் அண்ணாச்சி. தகரத்தைத்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே விரித்திருந்த மிதியடியைத் தூக்கினார். அடியில் செம்பழுப்புத் தூள். திருப்புளியை வைத்து இலேசாக அழுத்தினார். அது தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. துளை வழியே பட்டறையின் மண் தெரிந்தது. அதன்மேல் கால் வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்!

கடலோர ஊரில் இது வியப்பன்று. உப்புக் காற்றும் ஈரமும் தகரத்தை உள்ளிருந்து அரிக்கும். மழைநீர் வடிவதற்கென்று கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கிவிடும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே கரைந்துகொண்டிருக்கும். கழுவி மெழுகிட்டால் போதும் என்று இருந்தவன் நான்.

பின்னர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையில் சிறு சுத்தியலோடு அவர் அடியில் ஒரு மணி நேரம் பார்த்தார். தரைத் தகரம் ஓட்டையானால் வெட்டி ஒட்டலாம். ஆனால் நான்கு இடங்கள் உறுதியாக இருந்தாக வேண்டும் என்றார்: இருக்கையைப் பிடிக்கும் போல்ட்டுகளின் அடி, சீட் பெல்ட் முடுக்கிய இடம், சஸ்பென்ஷன் தாங்கும் இடம், நீளவாக்கில் செல்லும் சட்டம். இவற்றில் ஒன்று உளுத்துப் போனாலும் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை; வண்டியைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். மோதலில் மனிதனைப் பிடித்து நிறுத்துவது அந்த இடங்களே அல்லவா? சுத்தியலால் தட்டி, ஒலியைக் கொண்டு சோதித்தார். நான்கும் கெட்டியாக இருந்தன. ஒன்று மந்தமாக ஒலித்திருந்தால் இக்கட்டுரை வேறு விதமாக முடிந்திருக்கும். தரகர் ஒருவர் நாற்பதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார்; வாங்கிக்கொண்டு போயிருப்போம். இல்லை, அப்படி விற்பது அறமாகாது. இன்னொரு குடும்பமன்றோ அதில் ஏறும்?

டிங்கர் வேலைக்கும் அடிப்பாகப் பூச்சுக்கும் 14,000, பதிவுக்கு 10,000, டைமிங் பெல்ட்டுக்கும் பெட்ரோல் செல்லும் இரப்பர்க் குழாய்களுக்கும் 3,500 என மதிப்பீடு. குழாய்களை மாற்றச் சொன்னது, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்நாளில் எங்கும் வந்துவிட்டமையால். அது பழைய இரப்பரை விரைவில் கெடுக்கும். ஆக 27,500, ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 460 ரூபாய்க்குள்.

இனி மகனின் வாதம். ஒட்டுப் போட்டால் ஓட்டை அடையும், காற்றுப்பை வந்துவிடாது. இதற்குக் கணக்கில் விடை இல்லை. எங்கே எவ்வாறு ஓட்டுகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. கடைத்தெரு, கோயில், மருத்துவர், இரயிலடி: ஊருக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வகை. எட்டயபுரம் வழியாக மதுரை செல்லும் நான்கு வழிச் சாலையில், துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது முற்றிலும் வேறு. அங்கே இந்தச் சிறு வண்டிக்கு இடமில்லை. எனக்கு அது உறுதிப்பட்டது. ஆண்டுக்கு ஆறு முறை மதுரை செல்கிறோம். ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் 4,500 என்றாலும் மாதக் கணக்கில் 2,250 ரூபாய்தான். பராமரிப்பு, பழுது, வாடகை யாவும் கூட்டினாலும் நாலாயிரத்தைத் தொடவில்லை.

நாள்தோறும் நெடுஞ்சாலையில் பணிக்குச் செல்வோர், கைக்குழந்தையோடு வெளியூர் செல்வோர், நம்பகமான மெக்கானிக் அருகில் இல்லாதோர் ஆகியோருக்கு இக்கணக்கு பொருந்தாது. என் மகன் வீட்டுக்கு அவன் வாதமே சரி. அவன் புதிய கார் வாங்கினால் நான் மறுக்கமாட்டேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வருகையில், "சார், இன்னும் இதே வண்டிதானா?" என்று கேட்போர் உண்டு. பெண் இருக்கும் வீட்டில் வாசலில் நிற்கும் வண்டியும் பேசப்படும் என்று உறவினர் ஒருவர் அறிவுரையும் சொன்னார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 செப்டம்பரில், வெரோனா நகர்ப் பகுதி அருட்பணியாளர் ஒருவர் அன்பளித்த 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 காரை மகிழ்ந்து ஏற்றார். அது மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. உறவினரிடம் இதைச் சொன்னேன். "அவருக்குப் பெண் கொடுக்கும் கவலை இல்லையே" என்று அவர் கூறியதற்கு என்னிடம் விடை இல்லை.

நவம்பரில் வண்டி எட்டு நாள் டிங்கர் பட்டறையில் கிடந்தது. அந்த எட்டு நாளும் நகரப் பேருந்தில் சென்று வந்தோம். பின்னர் ஆய்வாளர் முன் நிறுத்தி, புதிய பதிவுச் சான்று பெற்றோம். கிறிஸ்துமசுக்கு முத்துநகர் எக்ஸ்பிரசில் வந்த மகனை இரயிலடியிலிருந்து இதில்தான் அழைத்து வந்தேன். வந்ததும் மிதியடியைத் தூக்கிப் பார்த்தான். ஒட்டிய இடத்தைக் காலால் மிதித்தான். "மதுரைக்கு மட்டும் வேண்டாம் அப்பா" என்றான். "வேண்டாம்" என்றேன். வைப்புத்தொகைச் சீட்டு அலமாரியில் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் வண்டியைத் தூக்கி அந்த நான்கு இடங்களையும் தட்டிப் பார்க்க வேண்டுமென நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.