குசினிவரை வந்த கிதாபு

நோன்பு முடியும் காலத்தில் தலைப்பிறை பார்க்கும் இரவென்றால், கொழும்பில் முஸ்லிம் வீடுகளில் எல்லோருடைய காதும் வானொலியில்தான் கிடக்கும். புதுச்சோனகத் தெருப் பெரிய பள்ளிவாசலில் உலமாக்கள் கூடியிருப்பார்கள். பிறை கண்டாயிற்று என்றால் விடிந்தால் பெருநாள். காணவில்லை என்றால் இன்னொரு நோன்பு. தையற்காரர் முதல் இறைச்சிக் கடைக்காரர் வரை அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். ஹலால் சான்றிதழ் சர்ச்சையானபோதும், கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்தபோதும் சமூகத்துக்காகப் பேச முன்வந்தவர்களில் ஆலிம்களும் இருந்தார்கள்.

ஆலிமின் பொதுவாழ்வு என்றதும் நம் கண்முன் வருவது இந்தக் காட்சிகள்தான்: அறிவிப்பு, அறிக்கை, ஒலிவாங்கி. அதெல்லாம் தேவையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் முந்திய ஒரு கடமை ஆலிமுக்கு உண்டு. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை, அதற்குக் கட்டுப்பட்டு வாழ வேண்டியவரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அதுவும் அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டிய ஒருவர், நம் உம்மாமார்களின் நாவில் இன்னும் இருக்கிறார். மாப்பிள்ளை லெப்பை ஆலிம்.

1816இல் காயல்பட்டினத்தில் பிறந்தவர். கீழக்கரையில் தைக்கா சாஹிபு என்று பேர்பெற்ற ஷெய்கு அப்துல் காதிரிடம் ஓதினார். உஸ்தாதின் மகளையே மணம் முடித்ததால் ஸெய்யிது முஹம்மது என்ற பெயர் பின்னுக்குப் போய், ஊருக்கு மாப்பிள்ளை லெப்பை ஆகிவிட்டார். அரபியில் இமாமுல் அரூஸ் என்பார்கள். கடல் கடந்து இங்கே இலங்கைக்குப் பலமுறை வந்தார், தங்கினார், போதித்தார். 1884இல் வெலிகமையில் எழுந்த மத்ரஸத்துல் பாரி அவருடைய முயற்சி. இந்நாட்டு அரபு மத்ரஸாக்களுக்கெல்லாம் மூத்தது அது. பெருமானார் மீது அவர் பாடிய அரபுப் பாக்களுக்கு இந்தத் தீவின் பெயரைச் சேர்த்து ‘மின்ஹத்து ஸரந்தீப்’ என்று பேர் வைத்தார். அவர் தொகுத்த ராத்திபு இன்றும் நம் பள்ளிகளில் ஓதப்படுகிறது. 1898இல் கீழக்கரையில் காலமானார். 

இவ்வளவு அரபுப் புலமை உள்ளவர் அரபியிலேயே கிதாபு எழுதிக்கொண்டு போயிருக்கலாம். ஓதியவர்கள் மெச்சியிருப்பார்கள். அவரோ மகானி, பத்ஹுத் தய்யான் என்ற பெரிய மார்க்கச் சட்ட நூல்களை அரபுத்தமிழில் எழுதினார். மொழி தமிழ், எழுத்து அரபு. ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு விடை, அன்றைய பெண்பிள்ளைகளின் படிப்பில் இருக்கிறது.

அந்தக் காலத்து முஸ்லிம் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஓதப்பள்ளி உண்டு. ஐந்து ஆறு வயதில் அலிஃப், பே என்று தொடங்கி, பெரியபிள்ளையாகும் முன் குர்ஆனை ஒரு தடவையாவது ஓதி முடித்துவிடுவாள். அதன்பின் வீடுதான். பேசுவது தமிழ். ஆனால் ‘அ’ எழுதிக் காட்டினால் தெரியாது. அரபு எழுத்து தெரியும், அரபு மொழி விளங்காது. இந்தப் பிள்ளைக்கு எழுத வேண்டும் என்றால் அவள் பேசும் மொழியை அவள் கற்ற எழுத்தில் எழுதுவதே வழி. அரபியில் இல்லாத ட, ண, ங, ப போன்ற ஓசைகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளி கூட்டியும் இடம் மாற்றியும் புது எழுத்துகளை முன்னோர் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்தார்கள். எ, ஒ என்ற உயிர்களுக்கும் குறி இருந்தது. ஆலிம்சா அந்த எழுத்தை எடுத்து, ஷாஃபி மத்ஹபின் சட்டத்தை அதில் எழுதி, கல்லச்சில் ஏறும்படி செய்தார்.

கொழும்பில் புதுக்கடைப் பக்கம் ஓர் ஒழுங்கையில், மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் ஒரு வீட்டில் அப்படியொரு கிதாபைப் பார்த்தேன். அட்டை போய்விட்டது. சாரத்துண்டில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார்கள். தாள் தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுத்திருந்தது. நாலு பக்கமும் இரட்டைக் கோடு. உள்ளே வலமிருந்து இடமாக, பத்தி பிரிக்காமல், ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் எல்லாம் இட்டு நெருக்கி எழுதிய வரிகள். ஓரத்தில் எண்ணெய்க்கறை, யாரோ குசினியில் வைத்து வாசித்திருக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய உம்மும்மா விரலை வைத்து ஒரு வரியை மெல்ல வாசித்தார். என் காதில் விழுந்தது சுத்தத் தமிழ். மாதத்தீட்டுக் காலத்தில் விடுபடும் தொழுகை, நோன்பு பற்றிய பகுதி அது. “இதெல்லாம் ஆம்புளயாள்கள்ட்டப் போய்க் கேக்க ஏலுமா மகள்? இதுல பாத்துத்தான் நாங்க நடந்த” என்றார். பக்கத்தில் பல்கலைக்கழகம் போகும் பேத்தி நின்றாள். மூன்று மொழி பேசுகிறவள். குர்ஆனும் ஓதுகிறவள். அந்த வரியை அவளால் வாசிக்க முடியவில்லை.

அந்த ஒழுங்கையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நீதிமன்றங்கள். புதுக்கடை என்றாலே நாட்டுக்கு நீதிமன்றம்தானே. காதிகள் சபையும் இங்குதான் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நாடெங்கும் உள்ள காதி நீதிமன்றங்கள் கொடுக்கும் தீர்ப்புகளின் மேல் மேன்முறையீடு இந்தச் சபைக்குத்தான் வர வேண்டும். அதையும் தாண்டினால் மேன்முறையீட்டு நீதிமன்றம். கொழும்பு முஸ்லிம்களுக்கான சட்டத் தொகுப்பை ஆங்கிலேயர் 1806இலேயே பிரகடனம் செய்தார்கள். அன்று தொட்டு இன்று வரை நம் கல்யாணமும் பிரிவும் தனிச் சட்டத்தில்தான் ஓடுகின்றன. 

எனக்குக் கவலை தருவது வேறொன்று. காதி முன்னால் சட்டத்தரணி ஆஜராக முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. எளியவர்களுக்குச் செலவு வேண்டாம் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தாபரிப்புக் கேட்டு வருகிற பெண்ணும், பஸஹ் எனும் மணமுறிவு கேட்டு வருகிற பெண்ணும் தன் வழக்கைத் தானேதான் பேச வேண்டும். காதியாக ஆண்தான் இருக்க முடியும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பஸஹ் வழக்கில் கூட இருந்து கேட்கும் மூன்று மத்தியஸ்தர்களும் ஆண்களே. எதிரே கணவன். இத்தனை பேருக்கு நடுவில் அவளுக்குத் துணை, அவள் அறிந்து வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான். அதைத்தான் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதை அறிந்திருக்க வேண்டும்? மஹர் அவளுடைய சொத்து. கொடுக்காவிட்டால் காதியிடம் கேட்டு வாங்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த கைக்கூலியையும் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. கைக்கூலி என்ற நம் வீட்டுச் சொல்லே சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அடி, உதை, செலவுக்குக் கொடுக்காமை என்று தக்க காரணம் இருந்தால் கணவன் சம்மதிக்காவிட்டாலும் பஸஹ் கேட்கலாம். காதியின் தீர்ப்பு சரியில்லை என்று பட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்குத் தவணை உண்டு, அதைத் தவறவிடக் கூடாது. இவையெல்லாம் ஒரு சிறு கைநூலில் அடங்கிவிடும். காகிதக்கட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வராந்தாக்களில் நிற்கும் உம்மாமாரிடமும் மகள்மாரிடமும் பேசிப்பாருங்கள். “மௌலவி சொன்னார்”, “பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னா” என்பார்கள். ‘நான் வாசித்தேன்’ என்று சொல்பவரைக் காண்பது அரிது.

இந்த விவாக, விவாகரத்துச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று ஒரு பக்கம். 2009இல் அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கை 2018இல்தான் வந்தது. அதிலும் உறுப்பினர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றார்கள். மார்க்கத்தில் கைவைக்காதீர்கள் என்று மறு பக்கம். இன்னொரு சாரார், அரபு எழுத்தைக் கட்டிப்பிடித்திருந்ததால்தான் சமூகம் நவீன படிப்பில் பிந்தியது, ராத்திபும் மவ்லூதும் இந்தக் காலத்துக்கு எதற்கு என்பார்கள். அவரவர் நியாயம் அவரவர்க்கு. ஆனால் எந்தப் பக்கம் வென்றாலும் வராந்தாவில் நிற்கிறவளுக்கு வாசிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்பது மாறப்போவதில்லை.

இதற்கிடையில் பழைய கிதாபுகள் போய்க்கொண்டிருக்கின்றன. போகிற விதம்தான் மனதை அறுக்கிறது. அரபு எழுத்து உள்ள தாளை யாரும் மிதிபட விடுவதில்லை. குர்ஆன் ஏடு கிழிந்தால் மண்ணில் புதைப்பார்கள், இல்லாவிட்டால் ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த தலைமுறை போனதும், பேரப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஏடு எது, தமிழ்க் கிதாபு எது என்று பிரித்தறியத் தெரியவில்லை. மரியாதையோடுதான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். கறையான் தின்றதைவிட இப்படிப் போனது அதிகமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பாணந்துறை தந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றவர்கள் ஆயுள் முழுக்கத் தேடித் தொகுத்திராவிட்டால் இஸ்லாமியத் தமிழ் நூல்கள் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பத்ஹுத் தய்யானை ஆங்கிலத்தில் ஆக்கினார் சைபுத்தீன் ஜே. அனீப் தோறை; 1963இல் கொழும்பிலேயே அது வெளிவந்தது. ஆங்கிலம் படித்த வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. குசினிக்கு?

இன்றைய நம் பிள்ளைகளில் ஒரு பகுதி சிங்கள மொழியில் படிக்கிறது, இன்னொரு பகுதி ஆங்கிலத்தில். ஜும்ஆவின் குத்பாவைச் சிங்களத்தில் கேட்கும் பள்ளிகளும் நாட்டில் உண்டு. நல்லது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இன்று இருந்தால் அரபுத்தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கிறவளின் எழுத்து எதுவோ அதில் எழுதுவார். ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவரும் நம் மௌலவிமார்களில் எத்தனை பேர் அப்படி எழுத உட்காருகிறார்கள்? பயான் செய்ய ஆள் இருக்கிறது. காணொளியில் பேசவும் ஆள் இருக்கிறது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி, இருபதில் பிள்ளையோடு தாய்வீடு திரும்பி நிற்கிற ஒருத்தி, பாத்திரம் கழுவி முடித்து ஒரு பக்கம் வாசிக்க, எளிய தமிழில் புத்தகம் எழுதுகிறவர்கள் போதவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உலமாக்களே, சட்டம் தெரிந்த சகோதரிகளோடு உட்காருங்கள். நிகாஹ், மஹர், தாபரிப்பு, தலாக், பஸஹ், மேன்முறையீடு ஆகியவற்றை விளக்கும் கைநூல் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, நிகாஹ் பதியும் அன்றே மணமகளின் கையில் கொடுங்கள். வீட்டில் பழைய கிதாபு வைத்திருப்பவர்களே, கடலுக்கோ கப்ருஸ்தானுக்கோ கொண்டுபோகும் முன் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் தொலைபேசியிலேயே படம் எடுத்து, பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கோ நம்பிக்கையான நூலகத்துக்கோ கொடுங்கள். வாசித்துக் காட்டக்கூடிய உம்மும்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.