கனிமம் அரசுக்கு, தூசு யாருக்கு?

யுரேனியத்தை யார் விற்கலாம், யார் வாங்கலாம், எங்கே சேமிக்கலாம் என்பதற்கெல்லாம் உலக நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. ஆனால், அதனை வெட்டியெடுக்கும் மனிதனின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவை எழுப்பி, அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடி மக்கள் பல்லாண்டு போராடினர்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கிறது அவர்களது நிலம். ஆடு மேய்த்தும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1944 முதல் 1986 வரை அந்நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டியெடுக்கப்பட்டது. அணுகுண்டுப் போட்டி மூண்டிருந்த காலம் அது. சுரங்கங்களை நடத்தியவை தனியார் நிறுவனங்கள். ஆயினும் நெடுங்காலம் அவற்றின் சரக்கை வாங்கிய ஒரே வாடிக்கையாளர் அமெரிக்க அரசே.

யுரேனியப் பாறையிலிருந்து ராடான் என்னும் வாயு கசிகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சிதைவதால் உண்டாகும் கதிரியக்கத் துகள்கள் தூசுடன் சேர்ந்து நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கின்றன. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரை மாய்த்த நோய் நுரையீரலில் தோன்றும் புற்றே என்பதை 1879-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் இருவர் எழுதிவைத்தனர். ஆபத்தைக் குறைக்கும் வழியும் அரிதன்று. தூய காற்றைச் சுரங்கத்தினுள் போதிய அளவு செலுத்த வேண்டும்.

அவ்வாறு ஏன் செய்யவில்லை? தாது மண்ணிலிருந்து அகற்றப்பட்ட பின்னரே தனது அதிகாரம் தொடங்குகிறது என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் சட்டத்திற்குப் பொருள் கொண்டது. சுரங்கத்தினுள் தொழிலாளர் நலம் பேணுவது மாநிலங்களின் கடமை என்றது. மாநிலங்களின் கண்காணிப்போ மிகத் தளர்ந்திருந்தது. ஆக, வெளியே வந்த தாதுவுக்குச் சொந்தக்காரர் இருந்தார். உள்ளே பறந்த தூசுக்கு எவரும் இல்லை.

1950-இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை தொழிலாளரின் உடல்நிலையை ஆராயத் தொடங்கியது. சுரங்கத்தினுள் நுழைய நிறுவனங்களின் இசைவு தேவைப்பட்டது. தொழிலாளரை அச்சுறுத்தலாகாது என்பதே அவ்விசைவின் விலை. மருத்துவர்கள் சோதித்தனர், குறித்துக்கொண்டனர். ஆபத்தை மட்டும் சொல்லவில்லை. 1967-இல்தான் தொழிலாளர் துறைச் செயலர் வில்லர்ட் விர்ட்ஸ் துணிந்து, அரசுக்கு யுரேனியம் வழங்கும் சுரங்கங்களில் கதிரியக்கத்திற்கு வரம்பு விதித்தார். அதற்குள் பல இல்லங்களில் விளக்கு அணைந்துவிட்டது.

சுரங்கத் தூசு சுரங்கத்தோடு நிற்கவில்லை. கணவரின் உடைகளில் படிந்து வந்ததை மனைவியர் துவைத்தனர். சுரங்கத்தருகே கிடந்த கற்களைக் கொண்டு சிலர் வீடும் கட்டினர். முதலில் நீதி கேட்டுக் கூடியவர்களும் கைம்பெண்களே. முன்னாள் அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் அவர்களுக்காக வழக்காடினார். அரசின் கொள்கை முடிவுக்காக அதன்மீது வழக்குத் தொடர இயலாது என்று நீதிமன்றம் கைவிரித்தது.

இறுதியில் 1990-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரியது. பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளருக்கு அல்லது அவர் குடும்பத்திற்கு 1,00,000 டாலர் இழப்பீடு என்றது. ஆனால், முன்னோர் முறைப்படி மணந்த கைம்பெண்களிடம் திருமணச் சான்றிதழ் கேட்கப்பட்டது! பழங்குடியினரின் மரபையும் வழக்கத்தையும் கருதவேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் பணிக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூன் மாதம் காலாவதியான அச்சட்டம், 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. முன்னர் 1971 வரை உழைத்தோருக்கே கிடைத்த உரிமை, 1990 வரை உழைத்தோருக்கும் இப்போது விரிந்துள்ளது.

நவஹோ மக்களோ 2005-இலேயே தம் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றினர். எனினும், கைவிடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அவர்களது மேய்ச்சல் நிலங்களிடையே கிடக்கின்றன.

வாசகர்களே, இங்கே அறிவு குறைவுபடவில்லை, விதிகளும் குறைவுபடவில்லை. அறிந்ததை உரியவருக்கு உரைக்கும் நேர்மையே குறைவுபட்டது. எந்நாட்டிலாயினும் சுரங்கச் சட்டம் ஒன்று எழுதப்படும்போது, கனிமம் யாருடையது என்று கேட்பதற்கு முன்பு, தூசு யாருடையது என்று கேட்போம். அக்கேள்விக்கு முதல் வரியிலேயே விடை கூறும் சட்டம்தான் மனிதருக்கான சட்டம்.